வீட்டுக்குள் அவள் சொல் எடுபட, வெளியே யார் இருக்கிறார்கள்?

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் திருமணமான பெண்களிடம் மூன்று கேள்விகள் கேட்பார்கள். உங்கள் வைத்தியத்தைப் பற்றி யார் முடிவெடுக்கிறார்கள்? வீட்டுக்குப் பெரிய பொருள் வாங்குவதை யார் முடிவெடுக்கிறார்கள்? உங்கள் பிறந்த வீட்டுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போய்வருவதை யார் முடிவெடுக்கிறார்கள்? 2019-21இல் நடந்த ஐந்தாவது கணக்கெடுப்பில், இந்திய அளவில் 71 விழுக்காட்டுப் பெண்கள் மூன்றிலும் தங்களுக்குப் பங்கு இருப்பதாகச் சொன்னார்கள். எதிலுமே பங்கில்லை என்றவர்கள் 11 விழுக்காடு. அதே கணக்கெடுப்பில் இன்னொரு கேள்வியும் இருந்தது. கடைத்தெருவுக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஊருக்கு வெளியே, இந்த மூன்று இடங்களுக்கும் தனியாகப் போய்வர உங்களுக்கு அனுமதி உண்டா? உண்டு என்றவர்கள் 42 விழுக்காடுதான்.

இரண்டு எண்களுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. முடிவில் பங்குண்டு என்று சொல்லும் பெண்களில் பெரும்பாலோர் தருகிற பதில், ‘நானும் வீட்டுக்காரரும் சேர்ந்துதான்’ என்பது. கிராமத்தில் இந்தச் ‘சேர்ந்து’ பல விதமாக இருக்கும். மாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து, ராத்திரி சாப்பிடும்போது கணவன் விஷயத்தைச் சொல்வதும் அதில் சேர்த்தி. அவள் முதலில் தன் அண்ணனிடம் கலந்து, சுய உதவிக் குழுவில் ஏற்கெனவே மாட்டு லோன் வாங்கியவளிடம் பால் கணக்கைக் கேட்டு, பிறகு கணவனிடம் பேச்சை எடுத்து, எந்த மாடு, என்ன விலை என்பதுவரை சொல்வதும் அதில் சேர்த்தி. கணக்கெடுப்புத் தாளில் இருவருக்கும் ஒரே இடத்தில்தான் டிக் விழும். ஆனால் முதல் பெண் தகவலைக் கேட்டுக்கொள்கிறாள், இரண்டாமவள் முடிவெடுக்கிறாள்.

இந்த வித்தியாசத்துக்குப் படிப்பு, வருமானம், சொத்து என்று வழக்கமாகக் காரணம் சொல்வோம். அவை எல்லாம் உண்மைதான். ஆனாலும் ஒரே தெருவில், ஒரே பத்தாம் வகுப்பு படித்த, ஒரே கூலி வாங்குகிற இரண்டு பெண்களைப் பாருங்கள். ஒருத்தி பெண்ணை நர்சிங் படிக்க வைத்துவிடுகிறாள், இன்னொருத்தி பன்னிரண்டாவதோடு நிறுத்தி மாப்பிள்ளை பார்ப்பதற்குத் தலையாட்டிவிடுகிறாள். விசாரித்தால், முதலாமவளுக்குப் பேச ஆள் இருந்திருக்கும். எந்தக் கல்லூரியில் ஹாஸ்டல் உண்டு, முதல் பட்டதாரி சலுகைக்கு எங்கே எழுதிக் கொடுக்கணும், சான்றிதழுக்கு யாரைப் பார்க்கணும் என்று சொல்ல ஒருத்தி. ‘அவன் முடியாதுன்னு சொன்னா நான் வந்து பேசுறேன்’ என்று சொல்ல இன்னொருவர். ஒரு பெண்ணின் பேச்சு வீட்டுக்குள் எவ்வளவு ஏறும் என்பதை, வீட்டுக்கு வெளியே அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்பது பெருமளவு தீர்மானிக்கிறது. அதிலும், அந்த வீடு அவளுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுக்காத ஆட்கள் எத்தனை பேர் என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

பிறந்த வீட்டின் நிழல்

எல்லாவற்றுக்கும் முந்தியது பிறந்த வீடு. அதன் பலம் ஊருக்கே தெரியும்படி காட்டப்படுவது சீர் வருகிற அன்று. காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர் மேளத்தோடு தெருவில் வரும். தேங்காய் பழம், பூ, இனிப்பு, பட்டுத் துணி, நகைப்பெட்டி என்று தட்டு தட்டாக அண்ணன் வீட்டுப் பெண்கள் ஏந்தி வருவார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் தட்டை எண்ணுவார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மொய் நோட்டில் மாமன் பெயர் முதல் வரியில் ஏறும். ஆடம்பரம், வீண்செலவு என்று இதைத் திட்டலாம், அதில் நியாயமும் இருக்கிறது, கடன் வாங்கிச் சீர் செய்து நொடித்துப்போன அண்ணன்மார் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அந்த ஊர்வலத்தில் நடந்து வருகிற செய்தி ஒன்றுதான்: இவளுக்கு ஆள் இருக்கிறது. அடித்தால் கேட்க நாலு பேர் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அதற்குப் பிறகு மாமியார் வீட்டில் அவளிடம் பேசுகிற தொனியிலேயே ஒரு கவனம் வந்துவிடும்.

இந்த நிழலுக்கு ஒரு விலையும் உண்டு. மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989இலேயே சட்டமாக்கிவிட்டது. மத்தியச் சட்டம் 2005இல்தான் திருத்தப்பட்டது. அப்படியிருந்தும் சார்பதிவாளர் ஆபீசில் இன்றும் பெண்கள் அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ‘நமக்கு வேணும்னா கேட்டா கொடுக்கப்போறாங்க, இதுக்குப் போய் பங்கு கேட்பாங்களா’ என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிற பெண் ஏமாளி இல்லை. அரை ஏக்கர் நிலத்தைவிட, நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் போய் நிற்பதற்குத் திறந்திருக்கும் ஒரு வாசல் பெரிது என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். சகோதரனின் ஆதரவைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் பெண்கள் நிலத்தை விட்டுக்கொடுப்பதைப் பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் 1990களிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். சொத்துரிமை பற்றிப் பேசும்போது, பங்கு கேட்டால் அவள் எதை இழப்பாள் என்பதையும் சேர்த்துப் பேசாவிட்டால் அந்தக் கையெழுத்து நமக்குப் புரியாது.

பிறந்த வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது இந்தியாவுக்குள்ளேயே பெரிதாக மாறுகிறது. வடக்கில், குறிப்பாக உத்தரப் பிரதேசம், ஹரியானா பக்கம், ஒரே ஊருக்குள் பெண் எடுப்பதில்லை, நெருங்கிய சொந்தத்திலும் எடுப்பதில்லை. யாரையும் தெரியாத ஊருக்கு மருமகளாகப் போகிறாள். தெற்கில் அத்தை மகன், மாமன் மகன் என்று சொந்தத்திலோ, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்திலோ கொடுப்பது நெடுநாள் வழக்கம். ஐந்தாவது கணக்கெடுப்பின்படி இந்திய அளவில் 11 விழுக்காடு திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை, தமிழ்நாட்டில் அது 28 விழுக்காடு. வடக்கைவிடத் தெற்கில் பெண்களின் நிலை சற்று மேலாக இருப்பதற்கு இந்த உறவுமுறை வேறுபாடு ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் டிம் டைசனும் மிக் மூரும் 1983இல் வாதிட்டார்கள். அந்த வாதத்தின் மேல் பிறகு நிறைய விவாதம் நடந்திருக்கிறது.

எனக்கும் அதில் ஒரு சந்தேகம் உண்டு. மாமியார் சொந்த அத்தையாக இருப்பது பல சமயம் பாதுகாப்பு, சில சமயம் பூட்டு. கணவனோடு தகராறு என்று அம்மா வீட்டுக்கு வந்தால், எதிரே நிற்பது அப்பாவின் உடன்பிறந்தவள். ‘உன்னால எங்க அக்கா தம்பி உறவு முறியணுமா’ என்று கேட்டே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு வீடும் ஒரே உறவில் பின்னிக் கிடக்கும்போது, அவள் பக்கம் மட்டும் நிற்கிற ஆள் என்று ஒருவரைக் காட்ட முடியாது. அதனால்தான் உறவுக்கு வெளியே கிடைக்கிற ஆட்களைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

பேச ஆளில்லாத வீடு

அந்த ஆட்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில் நடந்தது. எஸ். அனுக்ருதி, கத்தலினா ஹெர்ரேரா-அல்மான்சா, பிரவீன் பாதக், மகேஷ் கர்ரா ஆகியோர் 2018இல் 18 முதல் 30 வயதுக்குட்பட்ட 671 திருமணமான பெண்களிடம் பேசினார்கள். உடல்நலம், குழந்தைப்பேறு மாதிரி மனசுக்குள் இருக்கும் விஷயத்தை யாரிடம் பேசுவீர்கள் என்று கேட்டபோது, கணவன், மாமியாரை விட்டால் மாவட்டத்துக்குள் வேறு ஒருவருமே இல்லை என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தனியாக ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதி உள்ளவர்கள் 14 விழுக்காடு. அதே ஊரில் இருக்கும் தோழி வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ தனியாகப் போக அனுமதி உள்ளவர்கள் 12 விழுக்காடு.

இதில் கணவனைவிட மாமியாரின் பங்கு பெரிதாக வெளிப்பட்டது. மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கும் பெண்களுக்கு ஊருக்குள் நெருக்கமானவர்கள் மற்றப் பெண்களைவிட 18 விழுக்காடு குறைவு. கணவன் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் இந்தக் கட்டு இன்னும் இறுகியிருந்தது. மகன் பார்த்துக்கொள்ள வேண்டிய காவலைத் தாய் பார்க்கிறாள். மாமியார் ஏன் அப்படிச் செய்கிறார்? மருமகள் வெளியே போனால் நாலு பேரிடம் பேசுவாள், பேசினால் கருத்தடை பற்றித் தெரிந்துகொள்வாள், இன்னொரு பேரன் வராமல் போய்விடும் என்ற பயம். ஒரு விதத்தில் அந்த மாமியார்கள் நம் கொள்கை வகுப்பாளர்களைவிட விஷயத்தைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்: வீட்டுக்குள் எடுக்கப்படும் முடிவைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் வெளியே நடக்கும் பேச்சைக் கட்டுப்படுத்தினால் போதும்.

மாமியாரை இங்கே வில்லியாக நிறுத்த எனக்கு மனமில்லை. அவரும் இப்படி ஒரு வீட்டுக்குத் தனியாக வந்து, இருபது முப்பது வருடம் கழித்து, மகன் மூலமாக மட்டுமே கொஞ்சம் அதிகாரம் பெற்றவர். அந்த மகன் மருமகள் பேச்சைக் கேட்க ஆரம்பித்தால் அவருக்கு மிச்சம் இருப்பது ஒன்றுமில்லை.

குழு என்ன செய்தது

தமிழகக் கிராமங்களில் உறவுக்கு வெளியே பெண்கள் கூடுவதற்கு முறையான ஒரு காரணத்தைப் பரவலாகக் கொடுத்தது சுய உதவிக் குழு. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது அது. 1997-98இல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. 12 முதல் 20 பெண்கள், வாராவாரமோ மாதாமாதமோ கூட்டம், சேமிப்பு, அந்தச் சேமிப்பிலிருந்தே கொடுக்கும் உள்கடன், வங்கிக் கடன். இந்தப் பண ஏற்பாட்டைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். வீட்டு முடிவுகளைப் பொறுத்தவரை எனக்கு முக்கியமாகப் படுவது கூட்டம் நடக்கும் விதம்.

ஒரு கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். குழுவை நடத்தும் ஊக்குநர் வீட்டுத் திண்ணையிலோ கோயில் முன்னாலோ பாய் விரித்து வட்டமாக உட்காருகிறார்கள். வருகைப் பதிவில் இன்னாருடைய பொண்டாட்டி, இன்னாருடைய அம்மா என்று எழுத முடியாது, அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். சேமிப்புப் பணம் வாங்கிக் கணக்கு எழுதிய பிறகு, உள்கடன் யாருக்கு வேண்டும் என்று கேட்கிறார்கள். வேண்டும் என்கிறவள் எதற்கு என்று சொல்ல வேண்டும். ‘பெரியவளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்’, ‘ஆட்டுக் கொட்டகைக்கு ஷீட் போடணும்’. மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். எவ்வளவு, எத்தனை மாதத்தில் கட்டுவே, ஆடு எத்தனை வெச்சிருக்கே. கடைசியில் தீர்மானப் புத்தகத்தில் பெயர், தொகை, காரணம் எல்லாம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

வெளிப்பார்வைக்கு இது சாதாரண நடைமுறை. ஆனால் தனக்கு இது வேண்டும் என்று ஒரு பெண் பத்துப் பதினைந்து பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லி, அது எழுத்தில் ஏறுவது இதற்கு முன் அவள் வாழ்க்கையில் நடந்ததே இல்லை. அப்படி எழுத்தில் ஏறிய ஒன்றை ராத்திரி அடுப்படியில் ஒரு வார்த்தையில் அழித்துவிட முடியாது. அந்தப் பணத்தைக் கணவன் வேறு செலவுக்குக் கேட்டால், ‘நான் தரமாட்டேன்’ என்று சொல்லிச் சண்டையை வாங்க வேண்டியதில்லை. ‘குழுவுல கேட்பாங்க’ என்று சொன்னால் போதும். மறுப்பது அவள்தான், ஆனால் மறுப்பின் பாரத்தைக் குழு சுமந்துகொள்கிறது. நேருக்கு நேர் எதிர்த்துப் பேசினால் அடி விழக்கூடிய வீடுகளில் இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி என்பதை, அந்த வரியைச் சொல்லிப் பழகியவர்கள்தான் அறிவார்கள்.

கடனோ சேமிப்போ இல்லாமல் கூடிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டுவதை இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். மாவட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று அப்போது எழுதப்பட்டது. சைக்கிள் ஓட்டுகிற பெண்ணைப் பற்றிக் கேவலமாகப் பேசியவர்கள் இருந்தார்கள். ஒருத்தி மட்டும் ஓட்டியிருந்தால் அந்தப் பேச்சிலேயே நின்றிருப்பாள். சாயங்காலம் முழு மைதானமும் சேர்ந்து விழுந்து எழுந்து பழகும்போது, யாரைத் தனியாகப் பிடித்துத் திட்டுவது? அதற்கு அடுத்த ஆண்டே நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் சேர்ந்து சாராயக் கடையை மூட வைத்தார்கள். அந்தப் போராட்டம் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்துக்குத் தடை போட்டது. புருஷன் குடித்துவிட்டு வந்து அடிப்பது ஒவ்வொருத்தியும் தன் வீட்டோடு மூடி மறைத்த விஷயம். வகுப்பில் உட்கார்ந்து பேசியபோதுதான் எல்லா வீட்டிலும் அதே கதை என்று தெரிந்தது.

நூறு நாள் வேலைக்கும் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் வேலையில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களுக்குப் போக வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அது 85 விழுக்காட்டை ஒட்டியே இருந்துவந்தது. ஏரி, வாய்க்கால் வேலையில் கிடைத்த கூலியைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள், அங்கே வேப்பமர நிழலில் நடந்த பேச்சைக் கணக்கில் எடுப்பதில்லை. எந்த டாக்டரிடம் கர்ப்பப்பைக் கட்டிக்குப் போனால் காசு பறிக்காமல் பார்ப்பார், எந்த வீட்டில் பெண் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடணும், பட்டா மாற்ற எத்தனை நாள் அலைய விடுவார்கள் என்ற தகவல் எல்லாம் அங்கேதான் கை மாறியது.

2021 மே மாதம் தொடங்கிய நகரப் பேருந்துகளின் கட்டணமில்லாப் பயணத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன்’ என்றால் முன்பு பஸ் காசைக் கேட்டு வாங்கியாக வேண்டும். காசு கேட்கிற இடத்தில் அனுமதியும் கேட்டதாக ஆகிவிடும். இப்போது அந்தக் கேள்வி ஒன்று குறைந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, டிக்கெட் இல்லாத அந்தப் பயணம் பெண்களின் பழக்கவழக்க வட்டத்தை எவ்வளவு பெரிதாக்கியது என்று நாம் பேசவில்லை.

அதே வலை இறுக்கும்போது

ஆட்கள் இருந்தால் போதும், எல்லாம் நல்லதாகவே நடக்கும் என்று நம்பினால் ஏமாந்துபோவோம். கிராமத்தில் ஆறுதல் சொல்ல வருகிற அதே அக்காதான், மறுநாள் ‘உன் மருமக போனை வெச்சிட்டு யார்கிட்டயோ பேசிட்டே இருக்கா’ என்று மாமியார் காதில் போடுகிறவர். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாக இருக்கும் தெருவில் உதவிக்கு ஓடி வருவார்கள், கண்காணிப்பும் அதே அளவுக்கு இருக்கும்.

குழுக்கள் பெரும்பாலும் தெருவை ஒட்டி அமைகின்றன, தெரு சாதியை ஒட்டி அமைந்திருக்கிறது. அதனால் குழுவிலும் கிடைப்பது ஒரே விதிகளுக்குள் வாழ்கிற பெண்கள்தான். குடிகாரக் கணவனைத் தட்டிக் கேட்க ஒன்றாக வருகிற பெண்கள், அதே வீட்டு மகள் வேறு சாதிப் பையனை விரும்பினால் ஒன்றாக எதிரே நிற்பார்கள். அந்தத் தாய் மனசுக்குள் மகள் பக்கம் இருந்தாலும் வாய் திறக்க மாட்டாள். அவளுக்குப் பலமாக இருந்த ஒவ்வொருவரையும் ஒரே நாளில் இழக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நூறு நாள் வேலையில் பல தெருப் பெண்கள் ஒன்றாக மண் சுமந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் பல இடங்களில் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள்.

அப்புறம் கடன். தனியார் நுண்கடன் நிறுவனங்கள் குழு அமைப்பின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டன. ஐந்து பேரோ பத்துப் பேரோ சேர்ந்தால் லோன், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. இங்கே தீர்மானம் கிடையாது, எதற்குக் கடன் என்ற விவாதம் கிடையாது, வாரத் தவணை மட்டும் உண்டு. பெயர் அவளுடையது, பணம் பல வீடுகளில் கணவன் கைக்குப் போகிறது, தவணை நாளன்று வாசலில் வந்து நிற்பது அவளுடைய தோழிகள். நட்பையே அடமானமாக வைத்து வாங்கிய கடன் அது. கட்ட முடியாதவள் கூட்டத்துக்குப் போவதை நிறுத்துகிறாள், தெருவில் நடப்பதைத் தவிர்க்கிறாள், கடைசியில் பேச ஆளில்லாத வீட்டுக்குள் போய்ச் சேர்கிறாள். குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணையாகப் போகக்கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. இரண்டும் தேவையானவை. ஆனால் அந்தக் கடனால் உடைந்த நட்பை எந்தச் சட்டமும் ஒட்ட வைக்காது. வெளியிலிருந்து பார்த்தால் சுய உதவிக் குழுவும் இதுவும் ஒன்று போலத் தெரியும். ஒன்றில் குழு அவள் வீட்டுக்கு எதிராக அவளுக்குத் துணை, மற்றதில் குழு அவளுக்கு எதிராக நிறுவனத்துக்குத் துணை.

விட்டுப்போன பெண்

இத்தனை ஏற்பாட்டிலும் விட்டுப்போகிறவள் கல்யாணமாகி ஓரிரு வருடமே ஆன பெண். எப்போது குழந்தை, இரண்டாவது குழந்தைக்கு எத்தனை வருட இடைவெளி, கல்யாணத்துக்கு முன் பார்த்த வேலையைத் தொடர்வதா விடுவதா, நகையை அடகு வைக்கக் கொடுப்பதா, இப்படி வாழ்க்கையைத் தீர்மானிக்கும் முடிவுகள் எல்லாம் அவள் ஊருக்குப் புதியவளாக இருக்கும் அந்த நாலைந்து வருடங்களில்தான் குவிகின்றன. குழுவில் ஒரு குடும்பத்துக்கு ஒருவர் என்பது வழக்கம், அந்த இடத்தில் ஏற்கெனவே மாமியார் உறுப்பினர். மாமியாருக்குத் திண்ணைக் கூட்டம் கொடுத்த தைரியம், மருமகளுக்குப் போய்ச் சேர்வதில்லை. பல வீடுகளில் மாமியாரின் கை அதனால் ஓங்கியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். பெண்களுக்கு அதிகாரம் என்று ஒட்டுமொத்தமாகப் பேசும்போது இந்த இரண்டு பெண்களையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

கைபேசி இந்த இடத்தைக் கொஞ்சம் நிரப்புகிறது. ஐந்தாவது கணக்கெடுப்பில் தானே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் இந்திய அளவில் 54 விழுக்காடு. ஸ்பின்னிங் மில்லிலோ பனியன் கம்பெனியிலோ ஹாஸ்டலில் ஒன்றாக இருந்த தோழிகள் கல்யாணத்துக்குப் பிறகு திசைக்கொருவராகப் போனாலும் வாட்ஸ்அப் குரூப்பில் தொடர்கிறார்கள். கேட்க அது போதும். ஆஸ்பத்திரிக்குக் கூட வருவதற்கு, வீட்டு வாசலில் வந்து நிற்பதற்கு, பக்கத்தில் ஆள் வேண்டும்.

ஜௌன்பூரில் அந்த ஆய்வாளர்களில் சிலர் அடுத்து செய்து பார்த்தது இதைத்தான். சில பெண்களுக்குக் குடும்பக்கட்டுப்பாட்டுச் சேவையைச் சலுகையில் பெற அவரவருக்கு மட்டும் சீட்டு கொடுத்தார்கள். வேறு சிலருக்குத் தோழிகளையும் அழைத்துவரும்படி சேர்த்துக் கொடுத்தார்கள். மாமியார் எதிர்ப்புத் தெரிவித்த வீடுகளில் இரண்டாவது வகைச் சீட்டுதான் அதிகம் பலித்தது. தோழி கூட வந்தால் வழித்துணையும் ஆயிற்று, வெளியே போக ஒரு காரணமும் ஆயிற்று. சீட்டைக் காரணமாக வைத்துப் புதிதாகப் பேச்சு தொடங்கிய பெண்களும் உண்டு.

நம் ஊரில் இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. புதன்கிழமை தடுப்பூசி நாளன்று துணை சுகாதார நிலையத்துக்குக் கைக்குழந்தையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வயதுப் பெண்கள்தான். ஊசி போட்ட பிறகு குழந்தையைக் கவனிக்க அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். கூட வந்த மாமியார் பக்கத்தில் இருக்க, யாரும் யாரோடும் பேசாமல் அந்த நேரம் போய்விடுகிறது. மாமியார்களை ஒரு பக்கம் உட்கார வைத்து நர்சம்மா அவர்களோடு பேச, இளம் தாய்மார்களை இன்னொரு பக்கம் வட்டமாக உட்கார வைத்து, அதே பெண்கள் மாதாமாதம் அதே நாளில் வரும்படி அட்டையில் தேதி குறித்துக் கொடுத்தால், ஒரு வருடத்தில் ஒவ்வொருத்திக்கும் ஊருக்குள் பேச நாலு பேர் இருப்பார்கள். இதற்குத் தனி நிதி வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.